நெஞ்சுக்கு நேரே நின்ன அம்பு

மாசி பொறந்த மறுநாள் காலையில, வெள்ளிக்கரட்டு உச்சியில சூரியன் தலைகாட்டுன நேரத்துல, தவசி விட்ட அம்பு அவன் கூடப்பொறந்த அக்கா ஒச்சம்மாளோட நெஞ்சுக்கு ஒரு சாண் முன்னால வந்து நின்னுபோச்சு. விழவும் இல்லை, திரும்பவும் இல்லை, ஆடவும் இல்லை, அந்தரத்துல அப்படியே நின்னுச்சு, ஒச்சம்மா எந்திரிச்சப்போ அதுவும் எந்திரிச்சு, அவ நடந்தப்போ அதுவும் முனையை அவ பக்கமே வச்சுக்கிட்டு பின்பக்கமா நகந்து, கரட்டை விட்டு இறங்கி, ஓடையைத் தாண்டி, அவ வீட்டு வாசலுக்கு அவளுக்கு முன்னாடியே வந்து சேந்துச்சு. நான் அடுத்த வீட்டுக்காரி, பேச்சி. வாசல்ல சாணி தெளிச்சுக்கிட்டு இருந்தவ நிமிந்து பாத்து, "என்ன மதினி, நெஞ்சுக்கு நேர அம்பு நிக்குது?"ன்னு கேட்டேன். "நிக்குதுடி. அந்தத் தவசிப்பய எய்தது. கொஞ்சம் வெந்நி வையி, காலெல்லாம் வலிக்குது"ன்னா. நானும் போயி வெந்நி வச்சேன், வேற என்ன செய்யச் சொல்றீங்க?

எங்க கரட்டுல வான்கோழி எப்படி வந்துச்சுன்னு வெளியூர்க்காரவுக கேப்பாக. மேமலைக் காப்பித் தோட்டத்துல இருந்த வெள்ளைக்காரத் துரை ஒருத்தன் கிறிஸ்துமஸ் விருந்துக்காகக் கப்பல்ல கொண்டாந்து கூண்டுல வளத்தானாம், தோட்டத்தை வித்துட்டுப் போறப்போ திங்கவும் மனசில்லாம கொண்டுபோகவும் வழியில்லாம கூண்டைத் திறந்துவிட்டுட்டுப் போயிட்டானாம், அதுக மலையை விட்டு இறங்கி எங்க கரட்டுல இலந்தைப்பழமும் வெட்டுக்கிளியும் தின்னு, மரத்துல அடைஞ்சு, பெருகிப் பெருகி, இன்னிக்குச் சந்தையில விக்கிற வான்கோழிக்கும் அதுக்கும் மாமன் மச்சான் உறவுகூடக் கிடையாதுங்கிற அளவுக்குக் காட்டுப் பறவையா ஆயிடுச்சுக. கறுப்பு றெக்கை, ஒல்லிக் காலு, பறந்தா ஓடைக்கு அந்தப் பக்கந்தான் இறங்கும். அதைத் துப்பாக்கியால சுடக்கூடாது, கண்ணி வைக்கக்கூடாது, மூங்கில் வில்லுலதான் எய்யணும்னு எங்க ஊருக்கட்டு.

இன்னொரு கட்டும் உண்டு. பொண்ணு சமைஞ்சாலும், வளைகாப்புப் போட்டாலும், தாய்மாமன் தன் கையால எய்த கோழியை, தைச்ச அம்பைப் பிடுங்காம, அம்போட கொண்டாந்து வாசல்ல வைக்கணும். அதுதான் எங்க ஊருச் சீர். பட்டுச்சேலை வரலைன்னாக்கூடப் பொறுத்துக்கிருவோம், அம்புக்கோழி வரலைன்னா பந்தியில ஒருத்தரும் இலைக்கு முன்னால உக்கார மாட்டோம்.

இந்தச் சீருலதான் அக்காளுக்கும் தம்பிக்கும் பேச்சு நின்னுச்சு. ஒச்சம்மா மக வேலுத்தாயி சமைஞ்ச சடங்குக்கு, ஊரிலேயே பெரிய வில்லாளின்னு பேரு வாங்குன தவசி, தலையில துண்டைக் கட்டிக்கிட்டு, மேளதாளத்தோட, அம்பு தைச்ச கோழியைத் தாம்பாளத்துல வச்சுக் கொண்டாந்தான். ஒச்சம்மா அதோட நெஞ்சைத் தடவிப் பாத்தா. கொழுகொழுன்னு கொழுப்பு. அம்பு தைச்ச எடத்துல ஒரு சொட்டு ரத்தம் இல்லை. சின்னமனூர்ப் பக்கம் பண்ணையில வாங்கி, அறுத்த பிறகு அம்பைக் குத்திக் கொண்டாந்திருக்கான்! அவ்வளவுதான், தாம்பாளத்தோட தூக்கித் தெருவுல எறிஞ்சுட்டா. "எம் மகளுக்காக ஒரு நாள் கரடு ஏற ஒனக்கு நோகுதா? கடையில வாங்கின கோழிக்கு மீசை என்னடா மீசை!"ன்னு ஊரே கேக்கச் சத்தம் போட்டா. ஒச்சம்மா சத்தம்னா சாதாரணச் சத்தம் இல்லை, அவ எங்க வாசல்ல நின்னு திட்டுனா ஓடைக்கு அந்தப் பக்கம் மாடு மேய்க்கிறவன் திரும்பிப் பாப்பான். தவசி தலையைக் குனிஞ்சு போனவன் போனவன்தான், அதுக்குப் பிறகு அக்கா வாசலை மிதிக்கலை. நாங்களும் அவனைக் கஞ்சன்னோம், திமிர்பிடிச்சவன்னோம். தெருவுல எதுக்க வந்தாக்கூட மூஞ்சியைப் பாக்காமப் போயிருவான், பொண்டாட்டி செத்த பிறகு தனியாக் கிடக்கிறவன், ஆளு மாறிட்டான்னு பேசிக்கிட்டோம்.

வேலுத்தாயைப் போடிக்குக் கட்டிக் குடுத்தாக. கல்யாணத்துக்கு மாமன் வரலை. இப்போ வயித்துல பிள்ளையோட தாய்வீட்டுக்கு வந்திருந்தா, மாசிக் கடைசியில வளைகாப்புன்னு நாள் குறிச்சாச்சு. "தம்பிக்குச் சொல்லிவிடலாமே"ன்னு ஒச்சம்மா புருசன் சடையாண்டி மெல்ல வாயத் திறந்தாரு. "நானும் அதே அப்பனுக்குப் பொறந்தவதான். எனக்கும் வில்லைப் பிடிக்கத் தெரியும்"னுட்டு, ஒச்சம்மா அப்பன் வச்சிருந்த வில்லை இறக்கி, புது நாண் பூட்டி, விடியுமுன்ன தனியாக் கரட்டுக்குக் கிளம்பிட்டா.

கரட்டுல ஒரு ஒழுங்கு இருக்கு. கோழியைக் கூப்பிடுறவுக மரத்தடியில உக்காந்து, பெட்டைக்கோழி மாதிரி குரல் குடுப்பாக. சேவல் பெட்டையத் தேடி வரும். அப்படி உக்காருறவுக தலைக்கு மேல கிளையில ஒரு வெள்ளைத் துணியைக் கட்டித் தொங்கவிடணும். வெள்ளைத் துணி தெரிஞ்சா அந்தத் திக்குல அம்பு விடக்கூடாது, எம்புட்டுப் பெரிய சேவல் வந்து நின்னாலும் சரி. சத்தத்தை வச்சு மட்டும் எய்யவே கூடாது. வெள்ளைத் துணியைப் பாக்காம எய்தவன் வில்லைச் சாவடி முன்னால வச்சு ஒடிச்சுப்புடுவோம், அவன் அப்புறம் ஆயுசுக்கும் வில்லைத் தொட முடியாது. பாத்துட்டும் எய்தவனுக்குக் கட்டு ஒண்ணும் கிடையாது, அப்படி ஒருத்தன் எய்வான்னு ஊரு நினைக்கலை.

ஒச்சம்மா சடையாண்டியோட எட்டுமுழ வேட்டியவே கட்டித் தொங்கவிட்டிருந்தா. கூப்பிட்டா. சேவல் ஒண்ணு கொளகொளன்னு பதில் குடுத்துக்கிட்டே வந்து அவளுக்கு முன்னால பத்தடியில நின்னு வாலை விரிச்சுச்சு. அவ வில்லைத் தூக்குறதுக்குள்ள பொதருக்கு அந்தப் பக்கமிருந்து விர்ருன்னு ஒரு சத்தம். சேவல் எகிறிப் பறந்துருச்சு. அம்பு நேரா அவ நெஞ்சுக்கு வந்து, அங்க ஒரு சாண் இருக்கையில நின்னுருச்சு. "அய்யோ!"ன்னு அவ கத்துன கத்துல தவசி ஓடியாந்தானாம், அக்கான்னு தெரிஞ்சதும் அப்படியே மண்ணுல உக்காந்துட்டானாம். "கொல்லத்தான வந்தே? எய்தது பத்தலையா? கிட்ட வராதே!"ன்னு இவ விரட்ட, அவன் வில்லை எடுத்துக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டானாம்.

மறுநாள் சாவடியில கூட்டம் போட்டாக. ஊருப் பெரியாம்பளை மொக்கையன் நடுவுல உக்காந்திருந்தாரு. ஒச்சம்மா ஒரு பக்கம் அம்போட நின்னா, அம்பு நீட்டிக்கிட்டு இருந்ததால அவளுக்கு முன்னால ஒருத்தரும் நிக்கலை. தவசி எதுத்த பக்கம்.

"கோழிய எய்யத்தான போன?"ன்னாரு மொக்கையன்.

"ஆமாய்யா. வேலுத்தாயிக்குச் சீருக்கு. வாசல்ல வச்சுட்டுச் சொல்லாம வந்துரலாம்னு இருந்தேன்."

"வெள்ளைத் துணியைப் பாத்தியா இல்லையா?"

எங்க எல்லாருக்குமே அவன் 'பாக்கலைய்யா'ன்னு சொல்லணும்னுதான் ஆசை. வில்லு போனாப் போகுது, அக்கா தம்பி உறவாச்சும் மிஞ்சுமே. ஒச்சம்மாகூட அவன் வாயையே பாத்துக்கிட்டு இருந்தா.

"பாத்தேன்"னான்.

"பாத்துமா எய்தே?"

"பாத்தேன். கோழியத்தான் எய்தேன்."

எட்டுமுழ வேட்டியப் பாத்துட்டு அதுக்குக் கீழ எய்தவன் கோழியவா எய்வான்? அன்னிக்கு எறிஞ்ச தாம்பாளத்தை இவன் மறக்கலைன்னு எல்லாருக்கும் தோணிருச்சு. ஒச்சம்மா திட்டவே இல்லை. முந்தானையைச் சரி பண்ணிக்கிட்டு, "சரி, பாத்திருக்கான்"னு மட்டும் சொல்லிட்டு வீட்டுக்கு நடந்தா. அன்னிக்கு அம்பு ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவா நின்னதை நாங்க கவனிக்கலை.

முதல்ல எல்லாம் செஞ்சு பாத்தோம். மிளகாயும் உப்பும் சுத்திப் போட்டோம், கோயில் துன்னூறு பூசினோம். போடியிலிருந்து மருமகன் கதிரேசன் வந்தான், லேத்துப் பட்டறை வச்சிருக்கிறவன், பெரிய குறடு கொண்டாந்து அம்பைக் கவ்விப் பிடிச்சு இழுத்தான், தொங்குனான், காலை மாமியார் வீட்டுச் சுவத்துல மிதிச்சுக்கிட்டு இழுத்தான், அம்பு மயிரளவுகூட அசையலை, இவனுக்குத்தான் இடுப்புப் பிடிச்சுக்கிருச்சு. "எய்தவன் கைதான் எடுக்கணும் மாப்பிள்ளை, அடுத்தவன் கைக்கு வராது"ன்னு மொக்கையன் சொன்னாரு. அது எங்க ஊருல எந்த அம்புக்கும் உள்ள வழக்கந்தான், நாங்க அடுத்தவன் அம்பைப் பிடுங்க மாட்டோம். ஆனா தவசியைக் கூப்பிட ஒச்சம்மா சம்மதிக்கலை. "என்னைப் பாத்து எய்தவன் கையாலயா? இது இப்படியே நிக்கட்டும், எனக்கென்ன, சோறு தண்ணி கேக்குதா"ன்னுட்டா.

அப்புறம் நாங்களும் பழகிட்டோம். பழகாம? அவளும் சோறு பொங்கணும், ஆடு பத்தணும், நூறுநாள் வேலைக்குப் போகணும். குனிஞ்சு அடுப்பூதுனா அம்பு அடுப்புக்குள்ள போயி வால் றெக்கையில கரி பிடிச்சுச்சு, அவ அதைப் பாத்துச் சிரிச்சா. ஒருக்களிச்சுப் படுத்தா அம்பும் படுத்துச்சு, சடையாண்டி பாவம் கட்டிலைத் தூக்கிக்கிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போயிட்டாரு. ரேசன் கடை வரிசையில அவளுக்கு முன்னால நிக்கிறவுக முதுகுல குறுகுறுன்னு ஏதோ தோணித் திரும்பிப் பாத்து ஒதுங்கி வழிவிட, ஒதுங்க ஒதுங்க அவ முதல் ஆளாப் போயி நின்னா. இதைக் கண்டுக்கிட்ட நாங்க எங்க கார்டையும் அவகிட்டயே குடுத்துவிட ஆரம்பிச்சோம், அந்த மாசம் எங்க தெருவுல ஒருத்தருக்கும் சீனி இல்லைங்கிற பேச்சு வரலை. பஸ்ஸுல கண்டக்டர் முதல்ல ஏத்தவே மாட்டேன்னான், அப்புறம் முன்சீட்டுல சன்னலோரம் வெளிய பாக்க உக்காத்தி, கண்ணாடியை நல்லாத் திறந்து, "அம்பு வெளிய தள்ளி இருக்கட்டும்மா, பாதையில நிக்கிறவுகளுக்கு வழி வேணும்"னு கெஞ்சினான், எதுக்க வந்த லாரிக்காரன் அம்பைப் பாத்து ஒதுங்கிப் போனான். சின்னமனூருல இருந்து, கம்பத்துல இருந்தெல்லாம் ஆளுக வேன் வச்சுப் பாக்க வந்தாக, சாவடிப் பக்கத்து டீக்கடையில வடை பத்தலை. ஒருத்தி குழந்தை வரம் கேட்டு அம்புல தொட்டில் கட்டப் பாத்தா, ஒச்சம்மா விட்ட வசவுல வேனே திரும்பிப் போயிருச்சு.

ஆனா அது நெருங்கிக்கிட்டே வந்துச்சு. யாரு முதல்ல பாத்தாகன்னு தெரியலை, நான் பாத்தது அவளுக்குத் தலை வாரிவிட்டப்போ. ஒரு சாண் இருந்தது நாலு விரக்கடை ஆகியிருந்துச்சு. "மதினி, கிட்ட வந்துருச்சே"ன்னேன். "தெரியும்டி. சும்மா இரு, புள்ளைக்குக் கேட்டுறப்போகுது"ன்னா. அப்புறம் மூணு விரல், ரெண்டு விரல். வளைகாப்புக்கு வளையல்காரனுக்குச் சொல்லியாச்சு, பந்தலுக்குக் கம்பு வெட்டியாச்சு, இவளோ ஒவ்வொரு நாளும் மூச்சை அளந்து விடவேண்டியதாப்போச்சு. முந்தானை ஏத்திச் செருக முடியலை. சிரிக்க முடியலை, சிரிச்சா நெஞ்சு எழும்பும். திட்ட முடியலை, அதுதான் கொடுமை. ஆட்டுக்குட்டி அரிசியைத் தின்னாலும் வாய்க்குள்ளேயே "போ, போ"ங்கிறா. ஒச்சம்மா சத்தம் இல்லாத தெருவை நான் வாக்கப்பட்டு வந்ததுல இருந்து பாத்ததே இல்லை, எனக்குப் பயமா இருந்துச்சு, ஒத்தையில உக்காந்து அழுதேன்.

வேலுத்தாயிக்குத் தெரியாம இருக்குமா? வளைகாப்புக்கு முந்தின நாள் மத்தியானம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "அத்தை, மாமா வீட்டுக்கு என்கூட வா"ன்னா. நிறைவயித்துக்காரி, தெருக் கோடிவரைக்கும் நின்னு நின்னு நடந்தா. தவசி வீட்டுக்குள்ள தரையில உக்காந்திருந்தான். நாங்க வாசல்ல நிக்கிறோம், "யாரு?"ங்கிறான்.

"நான்தான் மாமா. வேலுத்தாயி."

அவன் பதறி எந்திரிச்சுச் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். "ஏம்மா இந்த வெயிலுல வந்தே? உக்காரு. தண்ணி குடிக்கிறியா?" செம்புல இருந்து ஊத்துன தண்ணி டம்ளருக்கு வெளிய பாதி போச்சு. கை நடுங்குதுன்னு நினைச்சேன்.

"தண்ணி வேணாம் மாமா. வந்து அந்த அம்பை எடு."

"என்னாலயாம்மா? அக்கா விடுமா?"

"அம்மாகிட்ட நான் கேட்டுக்கிறேன். நீ வா."

"என் கை பட்டு உள்ள போயிருச்சுன்னா?" அவன் டம்ளரைத் தரையில வச்சான். "ரெண்டு பேரும் இருக்கீகளே, ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் தொட்டு அது உள்ள போயிருச்சுன்னா நான் எங்க போவேன்?"

"நீ தொடலைன்னாலும் அது உள்ள போகத்தான் மாமா போகுது. நாளைக்கோ மறுநாளோ. எம் புள்ளை பொறக்கையில எங்க அம்மா இருக்கணும். எனக்குக் கோழி வேணாம், சீரு வேணாம், ஒண்ணும் வேணாம். வந்து எடுத்துட்டுப் போயிரு. அப்புறம் ஆயுசுக்கும் பேசாட்டியும் பரவாயில்லை."

அவ அழலை. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நடந்துட்டா. நான்தான் மூக்கைச் சிந்திக்கிட்டே பின்னால வந்தேன்.

மறுநாள் வளைகாப்பு. வாசல்ல பந்தல், பாயி, வேலுத்தாயி மனையில உக்காந்திருக்கா, கன்னத்துல சந்தனம். ஒச்சம்மா சுவத்துல முதுகைச் சாய்ச்சு நிக்கா. அம்புமுனைக்கும் அவ ரவிக்கைக்கும் நடுவுல ஒரு வெத்தலையை நுழைக்கலாம், ரெண்டு வெத்தலையை நுழைக்க முடியாது. மூச்சு விடுறாளா இல்லையான்னே தெரியலை. வளையல்காரன் பெட்டியைத் திறந்து வச்சுட்டு அம்பையே பாக்கான். அப்போ தவசி வந்தான். வெறுங்கையோட, துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு, பந்தல்காலைத் தடவிக்கிட்டு உள்ள வந்தான். கூட்டம் விலகுச்சு. மேளக்காரன் கையை நிறுத்திட்டான்.

ஒச்சம்மா கிட்ட வராதேன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தா. ஆனா மகளைப் பாத்தா, வேலுத்தாயி கும்பிட்டுக்கிட்டு இருந்தா. ஒச்சம்மா கண்ணை மூடிக்கிட்டு, "எடுடா"ன்னா, அதுவும் மூச்சுலதான்.

தவசி ஒரு எட்டு வச்சான். கையை நீட்டினான். வெயிலு நேரா அவன் மூஞ்சியில அடிச்சுச்சு. நீட்டுன கை அம்பைத் தாண்டி வலது பக்கம் போயி, ஒண்ணும் இல்லாத எடத்துல காத்தைப் பிடிச்சுச்சு. சரி, நடுக்கம்னு நினைச்சோம். மறுபடி நீட்டினான். இந்தத் தடவை அம்புக்கு மேல. விரலை விரிச்சு, மூடி, விரிச்சு, அங்கயும் இங்கயும் தேடுறான், அம்பு அவன் கட்டைவிரலுக்கு அரைச் சாண் கீழ நட்டநடு வெளிச்சத்துல நிக்குது, ஊரே பாக்குது, அவன் மட்டும் தேடுறான்.

ஒச்சம்மா கண்ணைத் திறந்து பாத்தா. அந்தக் கையைப் பாத்தா, அவன் கண்ணைப் பாத்தா, கண்ணுக்குள்ள வெள்ளையாப் படிஞ்சிருந்ததை அப்பத்தான் பாத்தா, எத்தனை வருசமா அந்தக் கண்ணை நாங்க ஒருத்தரும் பாக்கவே இல்லைன்னு எனக்கும் அப்பத்தான் உறைச்சுச்சு.

"டேய்"னா. "உனக்குக் கண்ணு தெரியலையாடா?"

தவசி கை அப்படியே அந்தரத்துல நின்னுச்சு.

"எப்ப இருந்துடா?"

"வேலுத்தாயி சமையறதுக்கு முன்னாடியே, அக்கா. கரட்டுக்கு ஒரு வாரம் போனேன். எல்லாம் மங்கலு. கொளகொளன்னு சத்தம் கேக்குது, கோழி எங்கன்னு தெரியலை. வெறுங்கையோட வர மனசு வரலை, பண்ணையில வாங்கிட்டேன்."

"சாவடியில பாத்தேன்னு சொன்னியே? வெள்ளைத் துணியைப் பாத்தேன்னு சொன்னியேடா பாவி!"

"பாக்கலைன்னு சொன்னா வில்லை ஒடிச்சுருவாக. வில்லு இல்லாம வேலுத்தாயிக்கு நான் எதைக் கொண்டாருவேன்? ஒரு தடவையாச்சும் நிசமான கோழி..." பெரிய மீசைக்காரன், பந்தலுக்கு நடுவுல நின்னு சின்னப் புள்ளையாட்டம் தேம்புனான்.

ஒச்சம்மா நெஞ்சு எழும்புச்சு. நான் "மதினி!"ன்னு கத்திட்டேன், அழுதா மூச்சு வாங்கும், மூச்சு வாங்குனா முனை படும். ஆனா நெஞ்சு எழும்புன அளவுக்கு அந்த அம்பு பின்னால போச்சு. நான் பாத்தேன், என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன், எவ வந்து இல்லைன்னு சொன்னாலும் நான் கேக்க மாட்டேன். அவ எம்பி எம்பி அழுறா, அது எட்டி எட்டி நிக்குது. அப்படியே கையை நீட்டி, காத்துல நின்ன தம்பி மணிக்கட்டைப் பிடிச்சு, கீழ இறக்கி, இடது பக்கம் தள்ளி, அவன் விரலை ஒண்ணொண்ணா அம்பு மேல மடக்கி வச்சா.

"இங்க இருக்குடா. பிடி."

அவன் பிடிச்சான். முருங்கைக்காய் பறிச்ச மாதிரி, அவ்வளவு லேசா வந்துருச்சு.

அதுக்கப்புறம் பந்தல்ல நடந்த கூத்தை என்னன்னு சொல்ல! சடையாண்டி சத்தம் போட்டு அழுதாரு. கதிரேசன் பிடிச்ச இடுப்போட குதிச்சான். நான் மொக்கையனைக் கட்டிப்பிடிச்சுட்டு, அப்புறம் வெக்கப்பட்டு விட்டேன். மேளக்காரன் யாரும் சொல்லாமலேயே வாசிச்சான். ஒச்சம்மா நெஞ்சைத் தடவித் தடவிப் பாத்துட்டு, வயித்து ஆழத்துல இருந்து ஒரு மூச்சை இழுத்து விட்டா, அந்த மூச்சுல பந்தல்ல கட்டுன மாவிலை ஆடுச்சு. விட்ட கையோட திட்ட ஆரம்பிச்சா. "கண்ணு தெரியலைன்னா அக்காகிட்ட வந்து சொல்றதுக்கு என்னடா கேடு? நான் என்ன செத்தா போயிட்டேன்? மதுரையில கண்ணாசுபத்திரி எதுக்கு இருக்கு, மயில் மேய்க்கவா?" ஓடைக்கு அந்தப் பக்கம் மாடு மேய்ச்சவன் திரும்பிப் பாத்தானாம், பிறகு சொன்னான். எங்க எல்லாருக்கும் அந்த வசவு காதுல தேனாப் பாஞ்சுச்சு.

பந்தி போடுற நேரத்துல ஒரு சிக்கல் வந்துச்சு. கோழி வரலையே, எப்படி உக்காருறது? ஆம்பளைக எல்லாம் இலைக்கு முன்னால நின்னுக்கிட்டு மொக்கையனைப் பாத்தாக. அவரு தாடியைச் சொறிஞ்சு யோசிச்சு, "மாமன் எய்த அம்பு வாசலுக்கு வந்துருச்சு. நடுவுல கோழியத்தான் காணோம். பாதிச் சீரு வந்தாச்சு, மீதியைப் பேர் வைக்கிற அன்னிக்கு வாங்கிக்கிருவோம், உக்காருங்கப்பா"ன்னாரு. எல்லாரும் சட்டுன்னு உக்காந்துட்டோம், பசிதான். முட்டைக் குழம்பும் கத்தரிக்காயும் ஊத்துனாக. வில்லை ஒடிக்கிற பேச்சை ஒருத்தரும் எடுக்கலை. எடுக்கவும் விடாம அவரே, "கண்ணாசுபத்திரிக்குப் போயிட்டு வரட்டும், பாத்துக்கிருவோம்"னு முடிச்சு வச்சாரு.

வேலுத்தாயி கையில வளையலைத் தவசிதான் முதல்ல போட்டுவிட்டான், தடவிப் பாத்து, ஒவ்வொண்ணா. அப்புறம் சாப்பிட உக்காராம வாசல் பக்கமா நழுவப் பாத்தான். ஒச்சம்மா துண்டைப் பிடிச்சு இழுத்து உக்காத்தி வச்சு, இலையைப் போட்டு, சோத்தை அள்ளி வச்சு, அவன் கையைப் பிடிச்சு இலையில வச்சா.

"சோறு தெரியுதா?"

"தெரியுது, அக்கா."

"என் மூஞ்சி?"

அவன் குனிஞ்சு, மூக்கோட மூக்கு இடிக்கிற தூரத்துக்கு வந்து பாத்தான். ரொம்ப நேரம் பாத்தான். "தெரியுது. தலையெல்லாம் நரைச்சுப்போச்சே அக்கா உனக்கு. கிட்டத்துல நல்லாத் தெரியுது. எட்டத்துலதான் ஒண்ணும் தெரியலை."

"அப்ப எட்டப் போகாதடா, எடுபட்ட பயலே"ன்னு சொல்லி, ஒச்சம்மா அவன் இலையில இன்னொரு முட்டையை வச்சா.